1991 லெக்ஸஸ் எல்எஸ் 400: செல்ஃப் 'டக்', ஸ்டீயரிங் முனகல், பிரேக் போட்டால் நடுக்கம். எங்கிருந்து பிரிக்கத் தொடங்குவது?

#1 புதுச்சாவி

வணக்கம். வண்டி 1991 எல்எஸ் 400, முதல் தலைமுறை, சாதா காயில் ஸ்பிரிங். ஓட்டம் 2,40,000 கி.மீ. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்குச் சீட்டு எதுவும் இல்லை.

கோளாறுகள்: சாவியைத் திருப்பினால் சில சமயம் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்கிறது, நாலைந்து முறை திருப்பினால் எடுக்கிறது (பேட்டரி புதிது, முனைகள் சுத்தம்). நின்ற இடத்தில் ஸ்டீயரிங் கனமாக முனகுகிறது, பம்ப்புக்குக் கீழே சிவப்பு எண்ணெய்க் கசிவு. 90 கி.மீ. வேகத்தில் பிரேக் போட்டால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. டேஷ்போர்டில் வெப்பமானி முள் வெயிலில் அணைந்து, குளிர்ந்ததும் எரிகிறது.

எதை முதலில் தொடுவது?

#2 எட்டு உருளை

நாலும் இந்த வண்டியின் நாடறிந்த வியாதிகள். இதில் ஒன்றுகூட எஞ்சின் வியாதி இல்லை என்பதைக் கவனியுங்கள். இதன் எஞ்சின் 1யுஇசட்-எஃப்இ: 3969 சிசி, 87.5 மி.மீ. போர், 82.5 மி.மீ. ஸ்ட்ரோக், அலுமினிய பிளாக், 32 வால்வு. ஆயிலும் கூலன்ட்டும் ஒழுங்காக இருந்தால் இதன் அடிப்பாகம் தேய்வது அபூர்வம். இந்த வண்டியை முடக்குவது முப்பது வருட ரப்பர், முப்பது வருட கேபாசிட்டர், மேலிருந்து கீழே சொட்டும் எண்ணெய். இவை மூன்றும்தான்.

கோளாறுவாரியாக வேலையைப் பிரிக்காதீர்கள், இடவாரியாகப் பிரியுங்கள். நான்கு இடங்கள்: எஞ்சினின் முகம் (பெல்ட், வாட்டர் பம்ப், டிஸ்ட்ரிப்யூட்டர்கள்), எஞ்சினின் பள்ளம் (இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இரு வரிசைக்கும் நடுவே), வண்டியின் அடிப்பக்கம், எலக்ட்ரானிக்ஸ் பெட்டிகள். ஓர் இடத்தைத் திறந்தால் அங்கே உள்ளது எல்லாவற்றையும் முடித்துவிட்டு மூட வேண்டும். பாகத்தின் விலையைவிட அங்கே போய்ச் சேரும் உழைப்புதான் இந்த வண்டியில் பெரிய செலவு.

உங்கள் செல்ஃப் மோட்டார் இருப்பது அந்தப் பள்ளத்தில். என் வரிசை: பள்ளம் முதலில்.

#3 பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

செல்ஃப் பத்தி முழுசா எழுதிடறேன், பலபேர் இதில்தான் தப்பு பண்றாங்க.

'டக்'னு ஒரு சத்தம் வந்து சுத்தலைன்னா பெரும்பாலும் மோட்டார் போகலை. சோலினாய்டுக்குள்ள (மோட்டாருக்கு மின்சாரம் விடற மின்காந்த சுவிட்ச்) இருக்கிற ரெண்டு செம்புக் கட்டை தேஞ்சிருக்கும். அதில் ஒண்ணு எப்பவும் இன்னொண்ணைவிட அதிகமா அரிச்சிருக்கும். பிளஞ்சர் தட்டு அந்தப் பக்கம் தொடாம நிக்கும், அதான் நாலு தடவை திருப்பினா ஒரு தடவை எடுக்குது. செம்புக் கட்டையும் பிளஞ்சரும் தனியாக் கிடைக்கும். மோட்டாரை வெளியே எடுத்த பிறகு அரைமணி நேர வேலை. ரெண்டு கட்டையும் ஒரே உயரத்தில் உக்காரணும், நட்டை முறுக்கும்போது சாயாம பிடிச்சுக்கணும்.

ஆனா பிரிக்கறதுக்கு முன்னாடி ரிலேயையும் நியூட்ரல் சுவிட்சையும் பார்த்திடுங்க. கியரை 'என்'ல வச்சு திருப்பினா ஒழுங்கா எடுக்குது, 'பி'ல மட்டும் தகராறுன்னா அது சுவிட்ச்.

பிரிக்கிற வரிசை:

பேட்டரி நெகட்டிவ் கழட்டுங்க. கூலன்ட் வடிங்க. ஏர் குழாயை எடுத்ததும் திராட்டிலில் வர்ற கேபிள்கள் (ஆக்ஸிலேட்டர், கியர்பாக்ஸுக்குப் போறது, குரூஸ்) ஒவ்வொண்ணும் எந்தத் தாங்கியில் இருந்ததுன்னு போட்டோ எடுத்துக்குங்க. ஃப்யூல் அழுத்தத்தை இறக்கிட்டுத்தான் பேஞ்சோ போல்டைத் (ஃப்யூல் குழாய் முனையைப் பிடிக்கிற, நடுவில் துளை உள்ள போல்ட்) தளர்த்தணும். எரிபொருள் பீறிடும், துணி வச்சுப் பிடிங்க. பேஞ்சோவின் ரெண்டு பக்க வாஷரும் புதுசு போடணும், பழசைத் திருப்பிப் போட்டா கசியும். கோல்ட் ஸ்டார்ட் இன்ஜெக்டர் குழாயும், இஜிஆர் குழாயும் (எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இன்டேக்குக்கு விடறது) அடுத்து. கடைசியில் மேனிஃபோல்டு, இன்ஜெக்டர் ரெயிலோட சேர்த்தே மேலே வந்துடும்.

மேனிஃபோல்டு வந்த அடுத்த நொடி எட்டு ஓட்டையிலும் துணி அடைங்க. ஒரு நட் உள்ளே விழுந்தா அந்த வேலை வேற வேலை ஆயிடும். பின்பக்க வாட்டர் ஜாயின்ட் வழியில் நிக்கும், அதையும் கழட்டினாத்தான் கை போகும். செல்ஃபுக்கு ரெண்டு போல்ட், 14 மி.மீ. தலை. மூடும்போது மேனிஃபோல்டு 18 நியூட்டன் மீட்டர், நடுவிலிருந்து வெளியே, ரெண்டு மூணு சுற்றில்.

பள்ளத்தில் எலிக்கூடு இருந்தா ஆச்சரியப்படாதீங்க. அவ்வளவு கதகதப்பான இடம் வண்டியில் வேற கிடையாது.

#4 எட்டு உருளை

மேலே சொன்னதோடு: அங்கே போனவர்கள் நாக் சென்சார் (எஞ்சினுக்குள் தட்டும் அதிர்வை உணர்வது) இரண்டையும் மாற்றாமல் திரும்பக் கூடாது. பிளாக்கில் பள்ளத்துக்குள்ளேயே திருகப்பட்டவை. 52, 55 என்ற கோடு (கோளாறு எண்) வந்தால் மறுபடி இதே மேனிஃபோல்டைத்தான் தூக்க வேண்டும். சென்சாரைவிட அதற்கு வரும் வயர் மோசமாக இருக்கும். சூட்டில் வெந்து, வளைத்தால் பிஸ்கட் போல உடையும். வயர் துண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பின்பக்க வாட்டர் ஜாயின்ட்டின் கேஸ்கெட்டுகள், ஹீட்டருக்குப் போகும் ஹோஸ்கள், இன்ஜெக்டர் ஓ-ரிங், வேக்குவம் ஹோஸ்கள் எல்லாமே இந்தச் சமயத்தில்தான்.

#5 புதுச்சாவி

செல்ஃபை அடியிலிருந்து நீண்ட கம்பியால் தட்டினால் தற்காலிகமாக எடுக்கும் என்று மற்ற வண்டிகளுக்குச் சொல்வார்களே, இதற்கு ஆகுமா?

#6 பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

ஆகாது சார். அடியிலிருந்து செல்ஃப் கண்ணுக்கே தெரியாது. சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பறதுதான் ஒரே வழி. அப்படித் திருப்புறப்ப ஒவ்வொரு தடவையும் செம்பு இன்னும் கொஞ்சம் கருகும்.

#7 சிவப்பெண்ணெய்

ஸ்டீயரிங் விஷயம். வரிசையில் இதைப் பின்னுக்குத் தள்ள வேண்டாம். காரணம், பவர் ஸ்டீயரிங் பம்ப்புக்கு நேர் கீழே இருப்பது டைனமோ. மேலே சொட்டும் எண்ணெய் முழுக்க அதற்குள்தான் இறங்குகிறது. பிரஷ் ஊறி, ஸ்லிப் ரிங் மேல் பசை படிந்து, சார்ஜ் குறையும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 வோல்டுக்குக் கீழே காட்டினால் டைனமோ ஏற்கெனவே பாதி போய்விட்டது என்று பொருள். கசிவை நிறுத்தாமல் டைனமோவை மட்டும் மாற்றினால் அடுத்ததும் அதே வழியில் போகும்.

கசியும் இடங்கள்: எண்ணெய்ப் பாத்திரம் பம்ப்போடு சேரும் இடத்து ஓ-ரிங், உயர் அழுத்தக் குழாயின் வாஷர், பம்ப் ஷாஃப்ட் சீல். முதல் இரண்டும் எளிது. ஷாஃப்ட் சீலுக்குப் பம்ப்பை இறக்க வேண்டும். பம்ப்பை இறக்கினால் சீல் கிட் முழுதையும் போடுங்கள்.

முனகலுக்குக் காரணம் வேறு. பாத்திரத்தின் அடியில் ஒரு நுண்வலை இருக்கிறது. ஸ்டீயரிங் கியரில் வேகத்துக்கேற்ப எடை மாற்றும் சோலினாய்டு ஒன்று உண்டு, அதன் உள்ளேயும் ஒரு சிறு வலை. இரண்டும் ரப்பர்த் துகளால் அடைபடும். முதல் வலை அடைத்தால் பம்ப் பட்டினி கிடந்து முனகும். இரண்டாவது அடைத்தால் நின்ற இடத்தில் கனக்கும். உங்களுக்கு இரண்டு அறிகுறியும் இருப்பதால் இரண்டு வலையையும் எடுத்துக் கழுவுங்கள்.

எண்ணெய் டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) மட்டுமே. 'பவர் ஸ்டீயரிங் ஃப்ளூயிட்' என்று பொதுப்படையாக விற்பதை ஊற்றாதீர்கள். பழையதை வெளியேற்ற: முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, பாத்திரத்தின் அந்த வாயை அடைத்து, எஞ்சினைப் போடாமலே ஸ்டீயரிங்கை இந்த எல்லையிலிருந்து அந்த எல்லைவரை மெதுவாகச் சுழற்றுங்கள். பாத்திரம் வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுத்தமான சிவப்பு வரும்வரை தொடருங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் எஞ்சின் போய்விட்டதாக நினைத்துப் பயப்படுகிறார்கள். பம்ப்பில் ஒரு ஏர் வால்வு இருக்கிறது. ஸ்டீயரிங் திருப்பும்போது ஐட்லிங்கைச் சற்று ஏற்றுவது அதன் வேலை. இரண்டு மெல்லிய ஹோஸ் இன்டேக்கிற்குப் போகும். அந்த வால்வு உள்ளே கிழிந்தால் ஏடிஎஃப் இன்டேக்கிற்குள் உறிஞ்சப்பட்டு, சைலன்சரில் வெள்ளைப் புகை மண்டும். ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஈரம் இருந்தால் வால்வு போயிற்று. புது வால்வு வரும்வரை இரண்டு ஹோஸ்களின் இன்டேக் பக்கத்தையும் மூடி வைத்து ஓட்டலாம், ஐட்லிங் சற்றே தடுமாறும், அவ்வளவுதான்.

#8 பல்லும் பட்டையும்

டைமிங் பெல்ட் பற்றி யாரும் பேசவில்லையே. சீட்டு இல்லாத பெல்ட் மாற்றாத பெல்ட்தான். 1 லட்சம் கி.மீ. அல்லது ஏழெட்டு வருடம், எது முந்துகிறதோ அது.

முகத்தைத் திறந்தால் மாற்ற வேண்டியவை: பெல்ட், இரண்டு ஐட்லர் பேரிங், ஹைட்ராலிக் டென்ஷனர், வாட்டர் பம்ப் (இதே பெல்ட்தான் அதையும் சுற்றுகிறது), தெர்மோஸ்டாட், இரண்டு கேம் சீல், கிராங்க் முன் சீல், டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிகள் இரண்டு, ரோட்டர்கள் இரண்டு. விசிறித் தாங்கியின் பேரிங்கையும் கையால் சுற்றிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் மாற்றுங்கள். ஏசி கம்ப்ரசரை கேஸ் குழாயோடு அப்படியே ஓரமாகக் கட்டித் தொங்கவிடலாம், கேஸை வெளியேற்றத் தேவையில்லை.

கிராங்க் போல்ட் 245 நியூட்டன் மீட்டர். கழற்றும்போது செல்ஃபை வைத்துத் தட்டிவிடும் குறுக்குவழி வேண்டாம், அதுவும் உங்கள் வண்டியில் செல்ஃபே நோயாளி. புல்லியைப் பிடிக்கும் கருவியும் நீள நெம்பும் போதும். பழைய டென்ஷனரின் தண்டில் எண்ணெய் கசிந்திருந்தால் அது செத்தது. புதியதை வைஸில் செங்குத்தாக வைத்து மெதுவாக அமுக்கி, ஓட்டை நேராகும்போது மெல்லிய ஆலன் கீயைச் சொருகி நிறுத்துங்கள். வேகமாக அமுக்கினால் உள் சீல் கெடும். அதன் இரண்டு போல்ட்டையும் மாறி மாறி 26 நியூட்டன் மீட்டர் வரை ஏற்றி, பெல்ட் முழுதாக அமர்ந்த பிறகே பின்னை உருவ வேண்டும். பிறகு கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று வலஞ்சுழியாகத் திருப்பி எல்லாக் குறியும் மறுபடி பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரு பல் தவறினாலும் எஞ்சின் ஓடும், ஆனால் இழுவை இருக்காது.

தெர்மோஸ்டாட்டில் ஆடும் சிறு வால்வு (ஜிகிள் வால்வு) மேல் நோக்கி இருக்க வேண்டும். 80 முதல் 84 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும் வகை.

#9 எட்டு உருளை

இந்தத் தலைமுறையில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் மோதாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் அவசரப்பட்டு இன்றே முகத்தைத் திறக்க வேண்டியதில்லை.

#10 பல்லும் பட்டையும்

1994 வரையிலான எஞ்சினைப் பற்றிப் பொதுவாக அப்படித்தான் சொல்கிறார்கள். கம்ப்ரஷன் விகிதம் 10.0. அதற்குப் பிறகு விகிதம் ஏறியது. விவிடி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) வந்த எஞ்சின்கள் கண்டிப்பாக மோதும். ஆனால் இதை வைத்துத் தள்ளிப்போடச் சொல்வதை ஏற்க மாட்டேன். பழைய பெல்ட் அறுவதற்கு முன்பே வாட்டர் பம்ப் பேரிங் ஆட ஆரம்பிக்கும், கூலன்ட் பெல்ட் மேல் சொட்டும், பிறகு சூடேறும். அலுமினிய ஹெட்டுக்கு எமன் சூடு.

சரி, பள்ளம் முதலில் என்றீர்களே. அதற்கும் கூலன்ட் வடிக்க வேண்டும், இதற்கும் வடிக்க வேண்டும். ஏன் இரண்டு முறை?

#11 எட்டு உருளை

அது நியாயம். ஒரே வடிப்பில் இரண்டையும் முடிப்பதே சரி. #2-இல் நான் சொன்ன வரிசையைத் திருத்திக்கொள்கிறேன்.

#12 பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி மாத்தும்போது வயர் குழப்பம் வரும். இதுல ரெண்டு டிஸ்ட்ரிப்யூட்டர், ரெண்டு காயில், ரெண்டு இக்னைட்டர். வண்டியில் உக்காந்து முன்னே பார்த்தா இடது வரிசை முன்னிருந்து 1-3-5-7, வலது 2-4-6-8. ஃபயரிங் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒரு காயில் போனா ஒண்ணுவிட்டு ஒண்ணா நாலு சிலிண்டர் நிக்கும். அதனால குலுக்கல் எதிர்பார்க்கிற அளவு இருக்காது, ஆனா ஏத்தத்தில் செத்துப்போன மாதிரி நகரும். கியர்பாக்ஸ்னு நினைச்சு அதைப் பிரிச்சிடாதீங்க. கோடு 14 அல்லது 15 வருதான்னு முதல்ல பாருங்க.

வயர் ஒவ்வொண்ணும் 25 கிலோ ஓம் தாண்டக்கூடாது. பிளக் இடைவெளி 1.1 மி.மீ., பிளாட்டினம் வகை. பிளக் குழியில் எஞ்சின் ஆயில் நின்னா வால்வு கவர் கேஸ்கெட்டும் பிளக் குழாய் சீலும் மாத்தணும். கவர் திறந்த கையோட, எஞ்சின் ஆறின நிலையில், வால்வு இடைவெளி பாருங்க: இன்டேக் 0.15-0.25, எக்ஸாஸ்ட் 0.25-0.35 மி.மீ. ஷிம் (அளவுத் தகடு) வச்சு சரிபண்ற வகை. பெரும்பாலும் அளவுக்குள்ளேயே இருக்கும்.

#13 புதுச்சாவி

கோடு பார்க்க ஸ்கேனர் வேண்டுமா? 1991 வண்டியில் ஸ்கேனர் செருகும் இன்றைய ஓபிடி சாக்கெட்டைக் காணோம்.

#14 ஈயமும் பசையும்

ஸ்கேனர் வேண்டாம், ஒரு துண்டு வயர் போதும். பானெட்டுக்குள் மூடியோடு கூடிய டயக்னாசிஸ் பெட்டி இருக்கும், மூடியின் உட்புறம் முனைப் பெயர்கள் அச்சிட்டிருக்கும். டிஇ1, இ1 இரண்டையும் வயரால் இணைத்து, சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் வேண்டாம். செக் எஞ்சின் விளக்கு சீராக விடாமல் சிமிட்டினால் கோடு எதுவும் இல்லை. இரண்டு சிமிட்டு, இடைவெளி, மீண்டும் இரண்டு என்றால் 22, அது கூலன்ட் வெப்ப சென்சார். 31 என்றால் ஏர்ஃப்ளோ மீட்டர். 41 திராட்டில் பொசிஷன். அழிக்க இஎஃப்ஐ ஃபியூஸைச் சிறிது நேரம் பிடுங்கி வையுங்கள்.

22 வராமலேயே அந்த சென்சார் பொய் சொல்வதும் உண்டு. பிளக்கைக் கழற்றி ஓம் பாருங்கள்: 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம். இதற்கு வெளியே இருந்தால் சூடான எஞ்சின் எடுக்கச் சிரமப்படும், எரிபொருள் குடிக்கும்.

ஏர்ஃப்ளோ மீட்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. இது ஹாட் வயர் வகை இல்லை, கார்மான் வோர்ட்டெக்ஸ் (காற்றுச் சுழல்களை எண்ணும் வகை). உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி போல் பளபளக்கும் மிக மெல்லிய உலோகத் தகடு அதிர்வதை ஒளியால் அளக்கிறது. ஸ்பிரே கிளீனர் அடித்துச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பினால் அதைக் கொன்றுவிடுவீர்கள். தொடாமல் விடுங்கள்.

இனி பெட்டிகள். இதுதான் இந்த வண்டியில் யாரும் முன்கூட்டியே திறக்காத இடம். எஞ்சின் இசியு (எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டி) கிளவ்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே உள்ள எலக்ட்ரோலைட் கேபாசிட்டர்கள் அடியில் கசியும். கசியும் திரவம் போர்டின் செம்புக் கோடுகளை அரிக்கும். ஐட்லிங் ஏறி இறங்குவது, கியர் முரட்டுத்தனமாக விழுவது, சம்பந்தமில்லாத கோடுகள், சூடானதும் நின்றுபோவது எல்லாம் இதனால் வரும். பெட்டியைத் திறந்ததும் மீன்வாடை போல ஒரு நாற்றம் அடித்தால் கசிவு உறுதி.

அறிகுறி வரும்வரை காத்திருக்காதீர்கள். செம்புக் கோடு அறுந்த பிறகு கேபாசிட்டர் மாற்றினால் போதாது, அறுந்த ஒவ்வொரு செம்புக் கோட்டையும் மெல்லிய வயரால் தைக்க வேண்டும். அளவுகள் போர்டுக்குப் போர்டு மாறும், அதனால் ஏற்கெனவே இருப்பதன் மேல் எழுதியதைப் படித்து அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி தாங்கும் வகையாக வாங்குங்கள். கழற்றும் முன் நெகட்டிவ் பக்கத்தைப் போட்டோ எடுங்கள். இழுத்துப் பிடுங்காதீர்கள், ஓட்டைக்குள் இருக்கும் செம்பு வளையமும் கூடவே வந்துவிடும். ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு பொருத்துங்கள்.

வெப்பமானி முள்: இந்தப் பேனலில் முள்ளே ஒரு கோல்ட் கேத்தோடு விளக்கு. பின்னால் உயர் வோல்டேஜ் இன்வர்ட்டர் இருக்கிறது, மின்சாரம் உள்ளபோது கை வைக்காதீர்கள். வெயிலில் அணைந்து குளிரில் எரிந்தால் முள் இன்னும் முழுதாகச் சாகவில்லை. போர்டின் கேபாசிட்டரையும் ஈயப் பற்றுகளையும் சரிசெய்து பாருங்கள். நிரந்தரமாக இருண்டால் வேறு பேனலிலிருந்து முள் எடுத்துப் போட வேண்டும், அல்லது எல்இடி மாற்றம். முள்ளைப் பிடுங்கும் முன் அது நின்ற இடத்தைக் குறித்துவையுங்கள். ஏசி பேனலின் எல்சிடி கருப்பாகப் பரவியிருந்தால் அதற்கு மருந்து இல்லை, எல்சிடியே மாற்ற வேண்டும்.

#15 அடிவயிறு

பிரேக் நடுக்கம். டிஸ்க் வளைந்துவிட்டது என்று கடைந்து கடைந்து மெலிதாக்குவதுதான் வழக்கமான தவறு. இந்த வண்டியில் முதல் சந்தேகம் முன்பக்க ஸ்ட்ரட் பார் புஷ். கீழ் ஆர்மை முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது அதுதான். ரப்பர் கிழிந்தால் பிரேக் போடும்போது சக்கரம் பின்னுக்குப் போய்வரும், ஸ்டீயரிங்கில் அது நடுக்கமாக வரும். கம்பியால் நெம்பிப் பாருங்கள், கிழிசல் தெரியும்.

அதற்குப் பிறகு டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது (ரன்அவுட்) என்பதை டயல் கேஜால் அளக்கலாம்; 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஹப் முகத்தில் துரு ஒட்டியிருந்தால் நல்ல டிஸ்க்கும் கோணலாக உட்காரும், கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சக்கர நட்டு 103 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சில். காற்றுத் துப்பாக்கியால் முறுக்குவதே பாதி நடுக்கத்துக்குக் காரணம்.

பால் ஜாயின்ட்: மேல் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தே வரும், தனியாக இல்லை. கீழ் ஜாயின்ட் தனி. சோதிக்க, ஜாக்கைக் கீழ் ஆர்முக்கு அடியில் வையுங்கள். ஸ்பிரிங் எடை அதன் மேல்தான் நிற்கிறது, பாடியில் வைத்துத் தூக்கினால் ஆட்டம் மறைந்துவிடும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கீழ் ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தால் அதை மாற்றும்வரை வண்டியை நகர்த்தாதீர்கள். அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும்.

புஷ் எது போட்டாலும் போல்டைத் தளர்வாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு முறை அழுத்தி விட்டபின் கடைசி முறுக்கு. தூக்கிய நிலையிலேயே முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையில் இருந்து சீக்கிரமே கிழியும்.

எஞ்சின் மவுண்ட் இரண்டும் உள்ளே திரவம் கொண்டவை. 'டி'யில் போட்டு பிரேக்கில் நிற்கும்போது இருக்கை அதிர்ந்தால் அவை வற்றிவிட்டன. கியர்பாக்ஸ் மவுண்டையும் சேர்த்து மூன்றாக மாற்றுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டை இறக்க நேர்ந்தால் நடு பேரிங் தாங்கியில் இருக்கும் வாஷர்களின் இடமும் எண்ணிக்கையும் குறித்து வையுங்கள். எஞ்சினிலிருந்து டிஃபரன்ஷியல் வரை கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் வைப்பதற்காக இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் மெனக்கெட்டிருக்கிறார்கள், ஒரு வாஷர் தொலைந்தால் போதும், அந்த அமைதி போய்விடும்.

#16 நெடுஞ்சாலை மௌனம்

இடையில் ஒரு கேள்வி. ஜப்பான் உள்நாட்டு டொயோட்டா செல்சியரும் இதுவும் ஒன்றுதானே, ஏர் சஸ்பென்ஷன் உள்ளதை எடுக்கலாமா?

#17 அடிவயிறு

அடிப்படை ஒன்று. செல்சியரில் ஏ வகை சாதா ஸ்பிரிங், பி வகை பியசோ டெம்ஸ் (இறுக்கத்தை மின்னணு முறையில் மாற்றும்) டேம்பர், சி வகை ஏர். ஏர் என்றால் நாலு மூலை ரப்பர் பை, கம்ப்ரசர், டிரையர், உயர சென்சார், வால்வுகள் என்று பட்டியல் நீளும். இரவில் ஒரு மூலை மட்டும் அமர்ந்தால் சோப்பு நீர் தெளித்துப் பையையும் இணைப்பையும் பாருங்கள். கசிவை அடைக்காமல் ஓட்டினால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடிக் கருகும். காயிலுக்கு மாற்றிக்கொள்பவர்கள் உண்டு, ஸ்பிரிங்கோடு அந்த வகைக்குரிய ஷாக்கும் மேல் தாங்கியும் வேண்டும். பழைய வண்டியாக வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால் சாதா ஸ்பிரிங் உள்ளதையே தேடுங்கள்.

அதே காலத்து இன்ஃபினிட்டி கியூ45 நினைவில் இருந்தால்: 4.5 லிட்டர் விஎச்45டிஇ-யில் பெல்ட் இல்லை, செயின். ஆனால் ஆரம்ப எஞ்சின்களில் செயின் கைடு பிளாஸ்டிக், உடைந்து சம்ப்பில் விழும். அதை மாற்றுவது இந்த வண்டியின் பெல்ட் வேலையைவிடப் பெரிய வேலை.

#18 சிவப்பெண்ணெய்

கியர்பாக்ஸ் (ஏ341இ) பற்றி இரண்டு வரி. எந்த எண்ணெய் என்பது கேஜ் கம்பியிலேயே பொறித்திருக்கும், அதைப் பார்த்து ஊற்றுங்கள். ஒருமுறை வடித்தால் சுமார் 2 லிட்டர்தான் வரும், மீதி டார்க் கன்வர்ட்டரில். இருண்ட எண்ணெயை மெஷின் வைத்து ஒரே நாளில் தள்ளாமல், சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை வடித்து ஊற்றுங்கள். திராட்டிலிலிருந்து போகும் கேபிளில் ரப்பர் முனைக்கும் நிறுத்திக்கும் இடைவெளி, முழு ஆக்ஸிலேட்டரில், 0 முதல் 1 மி.மீ. மேனிஃபோல்டு கழற்றி மாட்டிய பிறகு இதைச் சரிபார்க்க மறப்பதால்தான் 'செல்ஃப் மாற்றினேன், கியர் கெட்டுவிட்டது' என்ற புலம்பல் வருகிறது.

ஓ/டி ஆஃப் (ஓவர்டிரைவ் அணைப்பு) விளக்கு சிமிட்டினால் அதுவும் கோடுதான்: 62, 63 சோலினாய்டு, 64 லாக்-அப், 61 வேக சென்சார்.

ஏசி: 1991 என்றால் ஆர்12 வாயு. பானெட்டின் கீழ் உள்ள சீட்டில் எழுதியிருக்கும். ஆர்134ஏ-க்கு மாற்றினால் பழைய மினரல் ஆயிலை வெளியேற்றி, ஓ-ரிங்குகளும் டிரையரும் மாற்றி, வேக்குவம் போட்டு, பழைய வாயு எடையில் 80 முதல் 90 சதம் நிரப்புங்கள்.

#19 புதுச்சாவி

அப்படியானால் என் வரிசை: முதலில் தூக்கி நிறுத்தி பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் பார் புஷ். அடுத்து இசியுவும் மீட்டர் பேனலும். பிறகு கூலன்ட் ஒரே முறை வடித்து முகமும் பள்ளமும். ஸ்டீயரிங் பம்ப்?

#20 பல்லும் பட்டையும்

முகத்தைத் திறக்கும் அன்றே பம்ப். விசிறியும் பெல்ட்டும் வெளியே இருக்கும்போது அதற்குக் கை தாராளமாகப் போகும். பம்ப்பை முடித்து, கசிவில்லை என்று பார்த்த பிறகே டைனமோவுக்குப் புது பிரஷ். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி பழுப்பேறியிருந்தால் அதையும் விடாதீர்கள், ஹோஸ் மாட்டும் கழுத்தில்தான் விரிசல் விடும். கியர் எண்ணெய் குளிர்விப்பானும் அதே ரேடியேட்டரின் அடித்தொட்டியில்தான்.

நிரப்பும்போது முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சூடாகி உள்ளே ஹீட்டர் காற்று நல்ல சூடாக வரும்வரை காற்றை வெளியேற்றுங்கள். ஆறிய பிறகு மட்டம் மறுபடி இறங்கியிருக்கும், ஊற்றுங்கள்.

#21 பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

மூடி எல்லாம் மாட்டி முதல் தடவை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சாவியை ஆன்ல வச்சு பேஞ்சோ, கோல்ட் ஸ்டார்ட் குழாய் ரெண்டையும் விரலால் தடவிப் பாருங்க. டயக்னாசிஸ் பெட்டியில் எஃப்பி, பிளஸ் பிங்கிற முனைகளை இணைச்சா ஃப்யூல் பம்ப் மட்டும் ஓடும், எஞ்சின் போடாமலே கசிவு தெரியும். எஞ்சின் நிறுத்தின உடனே திராட்டில் பக்கம் 'கட்கட்'னு ஒரு சத்தம் வரும். அது ஐட்லிங் வால்வு தன் இடத்துக்குத் திரும்புற சத்தம், கோளாறு இல்லை. வரலைன்னாதான் அதைக் கழட்டிக் கரி சுரண்டணும்.

#22 ஈயமும் பசையும்

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு முதல் சில கிலோமீட்டர் ஐட்லிங்கும் கியர் விழுவதும் சற்று வித்தியாசமாக இருக்கும். அதைப் பார்த்து உடனே இசியுவை மறுபடி திறக்காதீர்கள். ஓட்டிவிட்டு, டிஇ1-இ1 போட்டு, என்ன கோடு என்று இங்கே எழுதுங்கள்.